அந்தக் கொடி ஏன் பறந்தது?

ஆஸ்திரேலியப் பழங்குடியினர் பாலஸ்தீனத்துக்காகத் தெருவில் இறங்குவதை 'புது ஃபேஷன்' என்று ஒரு கட்டுரை தள்ளிவிடுகிறது; அது சரியில்லை. யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று சொல்லித்தான் அவர்கள் மண்ணை பிரிட்டிஷார் எடுத்துக்கொண்டார்கள். 1992-இல், பழங்குடியினர் நில உரிமை கேட்ட மாபோ வழக்கில்தான் நாட்டின் தலைமை நீதிமன்றம் அந்தக் கதையை ஒதுக்கியது. பாலஸ்தீனத்தையும் 'மக்கள் இல்லாத நிலம்' என்றவர்கள் உண்டே! மண்ணைப் பறிகொடுத்தவர்களுக்கு இதையெல்லாம் யாராவது சொல்லித்தர வேண்டுமா? பிரிட்டிஷார் குடியேறிய நாளான ஜனவரி 26-ஐ எதிர்த்து 2024-இல் நடந்த பேரணிகளில், பழங்குடியினரின் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் கொடியோடு பாலஸ்தீனக் கொடியும் பறந்தது அதனால்தான்.

அப்புறம், இதை யூத வெறுப்பு என்று எழுதும் நண்பர்கள் வில்லியம் கூப்பரைப் பற்றிப் படிக்க வேண்டும். யோர்ட்டா யோர்ட்டா என்ற ஆஸ்திரேலியப் பழங்குடி இனப் பெரியவர். 1938 டிசம்பரில், நாஜி ஜெர்மனியில் யூதர்கள் தாக்கப்படுவதைக் கண்டித்து, மெல்போர்னில் ஜெர்மன் துணைத் தூதரகத்துக்கு மனுவோடு ஊர்வலம் போனவர். அந்த மனுவைத் தூதரகத்தார் வாங்க மறுத்துவிட்டார்கள்.