அந்தச் செய்தியை நிறுத்த யாரால் முடியும்?

நான் பகிர்ந்த பிபிசி தமிழ் செய்தியின் கீழ் நேற்று நடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். "அண்ணை, அது பிரிட்டிஷ் அரசாங்கத்தின் காசில நடக்கிற சேவை, டுவிட்டரே லேபிள் ஒட்டிக் காட்டினது" என்று ஒரு தம்பி எழுதினார். அதற்கு ஏகப்பட்ட லைக். செய்தியில் எந்த வரி பிழை என்று ஒருவரும் சொல்லவில்லை. லேபிள் இருந்தது, அதுவே போதுமாகிவிட்டது. எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

சரி, அந்த லேபிளின் கதையைப் பார்ப்போம். 2023 ஏப்ரல் 4 அன்று டுவிட்டர்காரர்கள் (இப்போது எக்ஸ்) அமெரிக்காவின் என்பிஆர் வானொலியின் கணக்கில் 'அரசு சார்ந்த ஊடகம்' என்று ஒட்டினார்கள். ரஷ்ய அரசின் ஆர்டி தொலைக்காட்சிக்கும் சீன அரசின் சின்ஹுவா செய்தி நிறுவனத்துக்கும் ஒட்டிய அதே லேபிள். என்பிஆரின் ஆண்டுச் செலவில் அமெரிக்க மத்திய அரசு அப்போது நேரடியாகக் கொடுத்தது ஒரு சதவீதம்கூட இல்லை. அரசு நிதி வந்தாலும் ஆசிரியர் குழு சுதந்திரமாக இயங்கினால் இந்த லேபிள் கிடையாது என்று டுவிட்டரின் சொந்த விதியே சொல்லியிருந்தது. அதற்கு உதாரணமாகக் காட்டியிருந்ததே பிபிசியையும் என்பிஆரையும்தான். லேபிளை ஒட்டிய பிறகு அந்த விதியிலிருந்து என்பிஆரின் பெயரை எடுத்துவிட்டார்கள்.

அடுத்து பிபிசிக்கு 'அரசு நிதியில் இயங்கும் ஊடகம்'. அவர்கள் எதிர்த்ததும் அது 'பொதுநிதி' ஆனது. கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசிக்கும் 'அரசு நிதி' என்று ஒட்டினார்கள்; அரசு தருவது 70 சதவீதத்துக்கும் குறைவு என்று அது சொன்னது. உடனே '69% அரசு நிதி' என்று மாற்றினார்கள். என்பிஆர் அந்தத் தளத்தையே விட்டுப் போனது. கடைசியில் 21ஆம் திகதி வாக்கில் எல்லா லேபிளையும் கழற்றினார்கள், ஆர்டி, சின்ஹுவா உட்பட. எதற்கு லேபிள் உண்மையிலேயே தேவைப்பட்டதோ அதற்கும் இப்போது இல்லை.

"காசு அரசுடையது என்பது உண்மைதானே, உண்மையைச் சொன்னால் ஏன் சுடுகிறது" என்று கேட்பீர்கள். பிரிட்டனில் தொலைக்காட்சி பார்க்கும் வீடுகள் ஆண்டுதோறும் ஒரு கட்டணம் கட்டுகின்றன, 2023இல் அது 159 பவுண்ட். பிபிசியின் பெரும் வருமானம் அதுதான். அந்தத் தொகையை அரசு தீர்மானிக்கிறது, மறுக்கவில்லை. பிபிசியின் உலக சேவையோ 2014 வரை பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சின் பணத்திலேயே நடந்தது. அதையும் மறைக்கவில்லை. அந்தச் சேவையின் தமிழ் வானொலியான தமிழோசையைக் கேட்டு நான் வளர்ந்தது அந்தக் காலத்தில்தான்.

1990க்குப் பிந்தைய யாழ்ப்பாணம். மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, மிதியைக் கையால் சுற்றுவேன். கை சளைத்தால் ரேடியோவில் குரல் இறங்கிவிடும், "சுத்தடா" என்று அப்பா அதட்டுவார். இலங்கை வானொலி ஒன்று சொல்லும், புலிகளின் குரல் வேறொன்று சொல்லும். ஆனந்தி அக்காவின் குரலில் தமிழோசை சொன்ன பிறகுதான் முற்றத்தில் வாக்குவாதம் அடங்கும். வெளியுறவு அமைச்சின் காசு என்று அங்கே இருந்த பெரியவர்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் கேட்டார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்தச் செய்தியை நிறுத்த யாரால் முடியும்? 1985இல் வட அயர்லாந்து பற்றிய ஒரு நிகழ்ச்சியை பிரிட்டிஷ் உள்துறை அமைச்சர் எதிர்த்தார், பிபிசி நிர்வாகம் பணிந்து நிறுத்தியது. ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், உலக சேவைக்காரர்களும் சேர்ந்துதான். அதே ஆண்டு ஒக்டோபரில் சிறு மாற்றத்தோடு அது ஒளிபரப்பானது. ஆர்டியில் இப்படி நடக்குமா, சொல்லுங்கள்.

நம் வீட்டு உதாரணமே இருக்கிறது. 2009 பெப்ரவரியில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் பிபிசியின் தமிழ், சிங்களச் செய்திகளை இடையில் வெட்டியதால், அதற்குச் செய்தி கொடுப்பதையே பிபிசி நிறுத்தியது. இந்த லேபிளின்படி வெட்டியதும் அரசு நிதி, வெட்டுப்பட்டதும் அரசு நிதி. இரண்டும் ஒன்றா?

"வன்னியில் சாகும்போது பிபிசி என்ன செய்தது" என்று யாரோ எழுதப்போகிறீர்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. அதைப் பற்றிப் பேசுவோம், ஆனால் என்ன சொன்னார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று செய்தியை வைத்துப் பேசுவோம். லேபிளை வைத்து அல்ல. லேபிள் ஒட்டியபோது டுவிட்டரின் உரிமையாளராக இருந்த எலான் மஸ்கின் கார் கம்பனி டெஸ்லாவும் 2010இல் அமெரிக்க எரிசக்தித் துறையிடம் 46.5 கோடி டொலர் கடன் வாங்கியது. திருப்பிக் கட்டிவிட்டார்கள். அதற்காக டெஸ்லாவை அரசுக் கம்பனி என்று யாரும் சொல்லவில்லை.

மயில்வாகனம் நிமலராஜனை எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? பிபிசியின் தமிழ், சிங்களச் சேவைகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி அனுப்பியவர். 2000 ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், வீட்டுக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். அவரைச் சுட்டவர்கள் பிபிசிக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துச் சுடவில்லை. அவர் அனுப்பிய செய்தி அவர்களுக்குப் பொறுக்கவில்லை. அந்த மனிதன் உயிரைக் கொடுத்து எழுதியதன் மேல் 'அரசு நிதி' என்று எங்கோ இருந்துகொண்டு ஒருவர் ஒட்டினார், நம் பிள்ளைகள் அதற்கு லைக் போடுகிறார்கள். எனக்கு இது வலிக்கிறது.

தம்பி, நான் பகிர்ந்த செய்தி இன்னும் என் பக்கத்தில்தான் இருக்கிறது. அதில் எந்த வரி பொய் என்று ஆதாரத்தோடு எழுதுங்கள், அந்தப் பகிர்வை நானே எடுத்துவிடுகிறேன். லேபிளைப் படம் பிடித்துப் போடுகிறவர்களுக்கு இனிப் பதில் சொல்ல மாட்டேன்.