செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகல. உடனே ஈசியூவா?

நேத்திலிருந்து எல்லாரும் ஸ்டார்ட் ஆகாத ஒரு வண்டியோட வீடியோவைத்தான் அனுப்பிக்கிட்டு இருக்கீங்க. பார்த்தேன். செல்ஃப் நல்லா சுத்துது, இன்ஜின் பிடிக்கல. மெக்கானிக் மல்டிமீட்டரைக் கையில எடுக்காமலே "ஈசியூ போச்சு"ன்னு தீர்ப்பு சொல்லி, இன்ஜினை இயக்குற அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை மாத்தியும் ஆச்சு. கடைசியில கோளாறு, இன்ஜின் சுத்துறதை ஈசியூவுக்குச் சொல்ற கிராங்க் சென்சார்ல.

சோதிச்சுட்டு மாத்துங்கய்யா. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்றேன்.

செல்ஃப் சுத்துறதால பேட்டரி நல்லா இருக்குன்னு முடிவு கட்டாதீங்க. சுத்தும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழ இறங்கினா, ஈசியூவுக்கும், ஸ்பார்க்குக்கு ஹை வோல்டேஜ் தர்ற காயிலுக்கும் கரண்ட் பத்தாமப் போகலாம். அடுத்து சாவியை ஆன்ல வச்சுக் காது கொடுங்க. பெரும்பாலான பெட்ரோல் வண்டியில டேங்க் பக்கம் பம்ப் ரெண்டு செகண்டு ஓடி நிக்கும். சத்தமே இல்லைன்னாலும் பம்ப் வாங்க ஓடாதீங்க. ஃபியூஸ், ரிலே, அப்புறம் பம்ப் சாக்கெட்டுல அந்த ரெண்டு செகண்டுல 12 வோல்ட் வருதா, எர்த் இருக்கான்னு பாருங்க. சத்தம் வந்தாலும் பிரஷர் இருக்குன்னு அர்த்தமில்ல. கேஜ் மாட்டினாத்தான் தெரியும். சாதாரண எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் பீச்சுற) வண்டியில 3 பார், சிலதுல 4 வரைக்கும் வரணும். சிஎன்ஜி வண்டிக்காரங்க பெட்ரோல் டேங்கைக் காலியா வச்சே ஓட்டுறாங்க. பம்பைக் குளுமையா வைக்கிறதே அந்தப் பெட்ரோல்தான்.

ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பாருங்க. நனைஞ்சிருந்தா பெட்ரோல் வருது, ஸ்பார்க்கைத் தேடுங்க. காஞ்சிருந்தா இன்ஜெக்டர் திறக்கல, இல்ல பெட்ரோலே வரல. ஸ்பார்க்கை டெஸ்டர் வச்சுத்தான் பார்க்கணும். ஒயரை இழுத்துப் பாடியில காட்டினா காயில் போயிடலாம், ஈசியூவும் சேர்ந்து அடி வாங்கலாம்.

"ஸ்கேனர்ல கோளாறு கோட் எதுவும் வரலையே"ன்னு கேப்பீங்க. கோட் வராததால சென்சார் நல்லா இருக்குன்னு ஆயிடாது. ஸ்கேனர்ல லைவ் டேட்டாவை (அந்த நேரத்து அளவுகளை) திறந்து செல்ஃப் அடிங்க. ஆர்பிஎம் 150, 200னு காட்டணும். பூஜ்யத்துலயே நின்னா கிராங்க் சென்சார், அதோட ஒயர், சாக்கெட். பெரும்பாலான வண்டியில அந்த சிக்னல் இல்லாம ஸ்பார்க்கும் வராது, இன்ஜெக்டரும் திறக்காது. சூட்டுல நின்னு, ஆறினப்புறம் ஸ்டார்ட் ஆகுற வண்டின்னா முதல் சந்தேகமே அதுமேலதான் வரணும்.

செல்ஃப் வழக்கத்தைவிட லேசா, வேகமா சுத்துதா? அங்கேயே நிறுத்துங்க. வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். இன்னும் அடிச்சா பல இன்ஜின்ல வால்வு பிஸ்டன்ல இடிக்கும்.

"ரோட்டோரத்துல இதுக்கெல்லாம் ஏது நேரம்"னு சிலர் சொல்வீங்க. நான் சொன்னதுல பாதிக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். "மெக்கானிக்னாலே ஏமாத்துறவன்"னு அந்த வீடியோவுக்குக் கீழ எழுதினவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். அது வலிக்குது. உக்காந்து கோளாறைக் கண்டுபிடிச்சா, "ஃபியூஸ்தானே மாத்தின, அதுக்கா இவ்வளவு"ன்னு பேரம் பேசுறீங்க. பெரிய பொருளை மாத்திட்டுப் பில் கொடுத்தா வாய் திறக்காமக் கட்டுறீங்க. அப்படியிருந்தா எவன் மீட்டரை எடுப்பான்? சோதனைக்குத் தனிக் கூலி கொடுங்க. எந்த இடத்துல எத்தனை வோல்ட், எத்தனை பார்னு எழுதி வாங்குங்க.

வீடியோவுல வர்ற வண்டிக்காரர் பழைய ஈசியூவை முதல்ல திருப்பிக் கேட்டு வாங்கணும். வேற வண்டியிலிருந்து கழட்டின ஈசியூவை இம்மொபிலைசரோட (சரியான சாவி இல்லாம ஸ்டார்ட் ஆக விடாத திருட்டுத் தடுப்பு) மேட்ச் பண்ணாம மாட்டியிருந்தா, டேஷ்போர்டுல சாவி விளக்கு மினுங்கிக்கிட்டே இருக்கும். புது சென்சார் போட்டாலும் செல்ஃப் சுத்தும், வண்டி ஸ்டார்ட் ஆகாது.