54ஆம் இலக்க பஸ்ஸும் அம்மாவின் கொப்பியும்

போன கிழமை ஸ்காபரோவில் ஒரு கலியாணம். எங்கள் மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் தொண்ணூறுகளில் சின்னப் பிள்ளைகளாக ரொறன்ரோவில் வந்து இறங்கியவர்கள். ஒருவர் சொன்னார்: "முப்பது வருஷமாகுது, எங்கட அம்மா இன்னும் கனடாவுக்கு வந்து சேரேல்லை. தமிழ்க் கடை, கோயில், தமிழ் டொக்டர். அவ்வளவுதான்." எல்லோரும் சிரித்தோம். நானும்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தத் தொடங்கியது.

எங்கள் அம்மாவிடம் ஒரு பழைய கொப்பி இருக்கிறது. 1994இல், லோறன்ஸ் வீதியால் போகும் 54ஆம் இலக்க பஸ்ஸில் வேலைக்குப் போகத் தொடங்கியபோது எழுதியது. "பெற்றோல் செட் தாண்டினால் சிவப்புக் கட்டடம். உடனே கயிறு இழு." இப்படிப் பக்கம் பக்கமாக. அந்த நாளில் அடுத்த தரிப்பு எதுவென்று பஸ் தானாகச் சொல்லாது. முதல் விண்டரில் ஜன்னலெல்லாம் பனி மூடி, சிவப்பும் தெரியவில்லை, கட்டடமும் தெரியவில்லை. மூன்று தரிப்பு தள்ளி இறங்கித் திரும்ப நடந்திருக்கிறார். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி: "ஸ்னோ என்றால் லைட்டை எண்ணு. ஐந்தாவது."

இவரையா நாங்கள் வந்து சேரவில்லை என்கிறோம்?

ஆங்கிலம் படித்திருக்கலாமே என்பார்கள். சரி. 1992இல் மத்திய அரசு 'லிங்க்' என்று இலவச மொழி வகுப்புத் தொடங்கியது. அகதிக் கோரிக்கை முடிவாகாதவர்களுக்கு அதில் இடமில்லை. எங்கள் கேஸ் முடிய மூன்று வருஷம். முடிந்தபோது அப்பாவுக்குப் பகலில் பக்டரி, இரவில் கோப்பை கழுவுகிற வேலை. எங்களைக் கனடாவுக்கு அனுப்பிய ஏஜென்சிக்குக் கட்டவேண்டிய காசு ஒரு பக்கம், வெளிநாடு வரக் காத்துக்கொண்டு கொழும்பில் லொட்ஜில் நின்ற சித்தப்பாவின் செலவு இன்னொரு பக்கம். கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைத்தபோது குடியுரிமை எடுத்துவிட்டார்கள். குடியுரிமை எடுத்தவர்களுக்கும் 'லிங்க்' இல்லை! வேறு வகுப்புகள் இருந்தன, இல்லையென்று சொல்லவில்லை. நித்திரைக்கே நேரமில்லாத மனுசன் எந்த வகுப்பில் போய் இருப்பது?

ஆகவே வீட்டுக்கு ஆங்கிலம் நாங்கள்தான். வங்கிக் கடிதம், வாடகைப் பத்திரம், பள்ளிக்கூடத்து ரிப்போர்ட் எல்லாம் என் கையால்தான் போகும். ரிப்போர்ட்டை எனக்கு வசதியாக மொழிபெயர்த்ததும் உண்டு, அது வேறு கதை.

பத்து வயதில் அம்மாவோடு டொக்டரிடம் போனேன். வெள்ளைக்காரர். இரவில் நன்றாக நித்திரை வருகிறதா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அம்மா நிலத்தைப் பார்த்தபடி நெடுநேரம் சொன்னார். செல்லடி, பெரியமாமா, செக் பொயின்ற் என்று ஏதேதோ வந்தது. அதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "நோ" என்றேன். டொக்டர் குளிசை எழுதித் தந்தார்.

ஒரு வருஷம் கழித்து யாரோ சொல்லித் தமிழ் டொக்டர் ஒருவரைப் பிடித்தோம். இரண்டு பஸ் மாற வேண்டும். கொப்பியில் அதற்கும் ஒரு பக்கம் இருக்கிறது. முதல் நாள் அம்மா என்னை வெளியே கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனார். வர முக்கால் மணித்தியாலம் ஆனது.