"எல்லாரும் இப்படித்தானே மாமா பாடுவாங்க?"

போன மாதம் அக்கா பையனோடு சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போனேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். காதில் எந்நேரமும் ராப்தான். வண்டியில் பாட்டு போடும் உரிமை செங்கல்பட்டு வரை அவனுக்கு, அதற்குப் பிறகு எனக்கு என்று ஒப்பந்தம். என் முறை வந்ததும் நியூயார்க் ராப் பாடகர் ரக்கிமின் 'தி 18த் லெட்டர்' ஆல்பத்தைப் போட்டேன். 1997 நவம்பரில் வந்தது. திண்டிவனம் வரும்வரை பொறுமையாகக் கேட்டான். அப்புறம் சொன்னான்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல என்ன விசேஷம்? எல்லாரும் இப்படித்தானே மாமா பாடுவாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினேன். உளுந்தூர்ப்பேட்டையில் டீ குடிக்கும்போதுதான் உறைத்தது, ரக்கிமைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனமும் இவ்வளவு சரியாக இல்லை என்று. ஆமாம், எல்லாரும் இப்படித்தான் பாடுகிறார்கள். அவர் வந்தபோது அப்படி இல்லை.

1986-ஐ நினைத்துப் பாருங்கள். ரன்-டிஎம்சி என்ற ராப் குழு உச்சத்தில் இருந்த வருடம். ராப் என்றால் மேடைக்கு நடுவில் நின்று, கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் கேட்கிற மாதிரி முழங்குவது. ரைம் வரியின் கடைசியில் வந்து 'டக்'கென்று விழும், அடுத்த வரியில் அதற்கு ஜோடி விழும். நம் யாப்புக் கணக்கில் சொன்னால் முழுக்க இயைபு. மெல்லி மெல், கூல் மோ டீ போன்ற மூத்தவர்கள் அதற்குள்ளேயே நிறைய வித்தை காட்டியிருந்தார்கள் என்பதும் உண்மை. தான் அவர்களைக் கேட்டு வளர்ந்தவன் என்று ரக்கிமே சொல்லியிருக்கிறார்.

இந்தச் சூழலில்தான் லாங் ஐலண்டின் வயண்டான்ச் என்ற ஊரிலிருந்து வில்லியம் கிரிஃபின் என்ற 18 வயதுப் பையன் வருகிறான். அவன்தான் ரக்கிம். பள்ளியில் சாக்ஸபோன் வாசித்தவன், அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக். கல்லூரியில் போய் அந்த ஆட்டத்தை ஆடுவதுதான் திட்டம். அத்தை முறையில் ரூத் பிரவுன், 1950களின் பெரிய ஆர் அண்ட் பி பாடகி. வீட்டில் ஜாஸ் ஓடிக்கொண்டே இருக்கும். எரிக் பி. என்ற டிஜே அவனைக் கண்டுபிடித்து, குயீன்ஸ்பிரிட்ஜில் இருந்த இசைத் தயாரிப்பாளர் மார்லி மார்லின் வீட்டு ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போகிறார். பையன் மைக் முன்னால் குரலை உயர்த்தாமல், ஏதோ பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல் பாடுகிறான். மார்லி மார்லும் ராப் பாடகர் எம்சி ஷானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இது என்ன ராப்? கொஞ்சம் வேகம் காட்டு, சத்தமாகப் பாடு என்கிறார்கள். அவன் மாட்டேன் என்றுவிட்டான்.

ஹிப்-ஹாப் வரலாற்றில் பெரிய பெரிய சம்பவங்கள் உண்டு. எனக்கு இந்த 'மாட்டேன்'தான் எல்லாவற்றிலும் பெரியது.

அவன் கத்தாததற்குக் காரணம் இருந்தது. ஒரு வரிக்குள் மூன்று, நான்கு ரைம் வைத்தால் கத்த முடியாது. ரைம் வரியின் நடுவில் வரும், அடுத்த வரியின் தொடக்கத்தில் வரும், ஒரு சொல்லோடு நிற்காமல் மூன்று நான்கு அசைக்கு நீளும். வாக்கியம் பாரின் (தாளத்தின் ஒரு சுற்று) கடைசியில் முடியாது, வழிந்து அடுத்த பாருக்குள் போய் எங்கோ நடுவில் மூச்சு விடும். ஜான் கோல்ட்ரேன் சாக்ஸபோனில் செய்வதைச் சொல்லில் செய்ய முயன்றேன் என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எதுகை மோனையோடு வளர்ந்த நம் காதுக்கு வரியின் தலையிலும் இடையிலும் ஒலி ஒத்துப்போவது புதிதல்ல, அதனால் இதன் அருமை நமக்குச் சட்டென்று பிடிபடாமலும் போகலாம். ஆனால் அன்றைய நியூயார்க்கில் அந்த முதல் சிங்கிளைக் கேட்ட மற்ற எம்சிக்கள், அதாவது ராப் பாடகர்கள், வீட்டுக்குப் போய்த் தங்கள் நோட்டைக் கிழித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

1987-ல் 'பெய்ட் இன் ஃபுல்', அடுத்து 1988, 1990, 1992 என்று எரிக் பி.யும் ரக்கிமும் சேர்ந்து நான்கு ஆல்பம். அவற்றைப் பற்றி ஏற்கெனவே எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்குப் பிடித்த ஒரு துணுக்கை மட்டும் சொல்கிறேன். 1987-ல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த 'பம்ப் அப் தி வால்யூம்' என்ற நடனப் பாட்டில் அந்த மூன்று நான்கு சொற்களைச் சொல்லும் குரல் ரக்கிமுடையது, அவர் பாட்டிலிருந்து வெட்டி எடுத்தது. ரக்கிம் யாரென்றே தெரியாதவர்கள் அந்தக் குரலுக்கு ஆடியிருக்கிறார்கள்.

அப்புறம் பிரிவு. ஒப்பந்தச் சிக்கல், வழக்கு, வக்கீல். 1992-க்குப் பிறகு ஒரு படத்துக்கு ஒரு பாட்டு என்பதுபோல எப்போதாவது தலை காட்டியதோடு சரி, ஆல்பம் எதுவும் இல்லை. அந்த ஐந்து வருடங்கள் எப்படிப்பட்டவை என்று பாருங்கள். 1993-ல் வூ-டாங் கிளான். 1994-ல் நாஸின் 'இல்மேடிக்', பிக்கியின் 'ரெடி டு டை'. 1996-ல் ஜே-ஸீயின் முதல் ஆல்பம். நியூயார்க் ராப்பின் பொற்காலம் என்று இன்று சொல்லப்படுவது பெரும்பாலும் ரக்கிம் வீட்டில் உட்கார்ந்திருந்த காலத்தில் நடந்தது. நடத்தியவர்களோ அவருடைய பாடத்தைப் படித்த பிள்ளைகள். நாஸைக் கேளுங்கள், அந்தத் தணிந்த குரலும் வரிக்குள் வரி போகும் பின்னலும் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துவிடும். 2004-ல் ரக்கிமின் வாழ்க்கைக் கதையையே ஒரு பாட்டாகப் பாடிக் கடனை அடைத்தார் நாஸ்.

ஆக 1997-ல் ரக்கிம் திரும்பி வரும்போது, தன் குரலிலேயே எல்லாரும் பேசிக்கொண்டிருக்கும் வீட்டுக்குள் நுழைகிறார். ராப் பாடகர் டூபாக் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது, பிக்கி இறந்து எட்டு மாதம். ரேடியோ முழுக்க பஃப் டாடி. பளபளக்கும் உடை, எல்லாருக்கும் தெரிந்த பழைய ஹிட்டின் மேல் ராப். ரக்கிமுக்கு வயது 29. பத்திரிகைகள் 'மூத்தவர் திரும்புகிறார்' என்றன. 29 வயதில் மூத்தவர்! நம் ஊரில் அந்த வயதில் இளைஞர் அணியிலேயே சேர்த்துக்கொள்ள யோசிப்பார்கள்.

ஆங்கில அகரவரிசையில் ஆர் 18ஆம் எழுத்து, தலைப்பு அங்கிருந்து வருகிறது. ரக்கிம் ஃபைவ் பர்சென்ட் நேஷன் என்ற, அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றிய ஆன்மிக இயக்கத்தைச் சேர்ந்தவர், அவர்கள் எழுத்துக்கும் எண்ணுக்கும் தனித்தனிப் பொருள் வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் ஆர் என்றால் ஆள்பவன். சும்மா வைத்த பெயரில்லை.

ஆல்பத்தில் டிஜே பிரீமியர், பீட் ராக், கிளார்க் கென்ட் என்று பீட் (பாட்டின் தாள இசை) செய்வதில் பெரிய கைகள். பிரீமியர் செய்த 'இட்ஸ் பீன் எ லாங் டைம்' பாட்டுக்காகவே இந்த ஆல்பத்தை மன்னிக்கலாம், கொண்டாடலாம். 1987-ல், தன் முதல் ஆல்பத்திலேயே, ரக்கிம் ஒரு பாட்டை இப்படித் தொடங்கியிருந்தார்: ரொம்ப நாளாகிவிட்டது, உங்களை விட்டுப் போயிருக்கக் கூடாது என்று. எங்கே போயிருந்தார்? எங்கும் போகவில்லை, அப்போதுதான் வந்திருந்தார்! 19 வயதுப் பையனின் பாவனை அது. பத்து வருடம் கழித்து, உண்மையிலேயே காணாமல் போய்த் திரும்பியவருக்காக, பிரீமியர் அந்தப் பழைய குரலையே எடுத்து ஸ்க்ராட்ச் செய்து பல்லவியாக வைத்தார். விளையாட்டாகச் சொன்ன வார்த்தை பத்து வருடத்தில் பலித்துவிட்டது. முதல் தடவை இதைப் புரிந்துகொண்டு கேட்டபோது எனக்குப் புல்லரித்தது.

அந்த வரியின் கதை அங்கே முடியவில்லை. 2000-ல் அமெரிக்கப் பாடகி ஆலியாவின் 'ட்ரை அகெய்ன்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதன் தொடக்கத்தில், அதைத் தயாரித்த டிம்பலேண்ட் சொல்வது இதே வரிதான். அந்தப் பாட்டை நூறு முறை கேட்டவர்களுக்கும் அது யார் சொன்னது என்று தெரியாது. எமினெமின் 'தி வே ஐ ஆம்' பாட்டிலும் இப்படித்தான், பல்லவியின் ஆணிவேர் ரக்கிமின் 1987 பாட்டு ஒன்றில் இருக்கிறது. என் மருமகனுக்கு எமினெம் பாட்டு மனப்பாடம். இதைச் சொன்னதும் "அப்படியா?" என்று போனை எடுத்துத் தேடினான்.

ஆல்பம் முழுக்கத் தங்கம் என்று சொல்ல மாட்டேன். பிரீமியரின் இரண்டு பாட்டு, பீட் ராக்கின் 'தி சாகா பிகின்ஸ்', கிளார்க் கென்ட்டின் 'கெஸ் ஹூஸ் பேக்' ஆகியவற்றைத் தாண்டினால் பீட்டுகள் சில இடங்களில் சவசவ என்று இருக்கின்றன. காதல் பாட்டுகள் அந்தக் காலத்து ரேடியோவுக்காகச் செய்ததுபோல் ஒட்டாமல் நிற்கின்றன. குரலும் எழுத்தும் குறையவில்லை, அவற்றின் கீழே ஓடும் தாளம்தான் கைவிடுகிறது. ஆனாலும் பில்போர்டு ஆல்பம் தரவரிசையில் 4ஆம் இடம், கோல்ட் சான்றிதழ். பளபளப்பு உடைக்காலத்தில், ஒரு தடவைகூடக் கத்தாமல்.

இதைவிட எனக்குச் சுவாரஸ்யமானது லேபிள் செய்த ஒரு காரியம். 'தி புக் ஆஃப் லைஃப்' என்று இன்னொரு பதிப்பும் விட்டார்கள். இரண்டு டிஸ்க். ஒன்றில் புது ஆல்பம், இன்னொன்றில் எரிக் பி. காலத்துப் பழைய பாட்டுகள். பயத்தில் செய்தார்களோ பாசத்தில் செய்தார்களோ, புதியதை வாங்கியவன் பழையதையும் கேட்டு ஒப்பிடாமல் இருக்க முடியாது. அந்த ஒப்பீட்டில் புதிய டிஸ்க் கொஞ்சம் தோற்கும். ஆனால் 1997-ல் 15 வயதில் இருந்த ஒருவனுக்கு, தான் அன்றாடம் கேட்கிற ராப்பின் வேர் எது என்று ஒரே பெட்டியில் காட்டியதும் அதுதான்.

ரக்கிம் மீது ஒரு புகார் உண்டு, நண்பர்கள் அடிக்கடி சொல்வது. டூபாக்குக்கு அம்மா பாட்டு இருக்கிறது, நாஸுக்குத் தெரு இருக்கிறது, இவர் எதைப் பாடினார்? தான் எவ்வளவு பெரிய எம்சி என்பதை மட்டும்தானே? முக்கால்வாசி உண்மை. ஆனால் சபையில் நின்று தன் கவித்திறனைத் தானே பாடிக்கொண்ட நம் சிலேடைப் புலவர்களை ரசிக்கிற நமக்கு இது ஏன் உறுத்த வேண்டும்? சொல்லே அங்கே பொருள். உறுத்துகிறவர்களுக்கு உறுத்தட்டும்.

ரக்கிமுக்கும் எனக்கும் முதல் சந்திப்பு 2002-ல், ஹாஸ்டல் டிவி அறையில். ட்ரூத் ஹர்ட்ஸ் பாடிய 'அடிக்டிவ்'. பின்னணியில் லதா மங்கேஷ்கரின் குரல், 1981-ல் வந்த 'ஜோதி' என்ற இந்திப் படத்துப் பாட்டு, இசை பப்பி லஹிரி. அனுமதி வாங்காமல் எடுத்ததால் சரிகம நிறுவனம் 50 கோடி டாலருக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது, பப்பி லஹிரியும் தனியே நீதிமன்றம் போனார். அறையில் எல்லாரும் "லதாடா, லதாடா" என்று குதித்தோம். நடுவில் வந்து நிதானமாக ஒரு வெர்ஸ் சொல்லிவிட்டுப் போன அந்த ஆள் யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அமெரிக்காவில் முதல் பத்துக்குள் வந்த பாட்டு அது. அப்போது அவர் டாக்டர் டிரேயின் ஆஃப்டர்மேத் லேபிளில் இருந்தார். அங்கே செய்யவிருந்த ஆல்பம் கடைசிவரை வரவே இல்லை. டிரே கேட்ட மாதிரி கேங்ஸ்டர் கதைகளை எழுத மனமில்லை என்று பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். மறுபடியும் அதே 'மாட்டேன்'.

1999-ல் 'தி மாஸ்டர்', 2009-ல் 'தி செவன்த் சீல்'. இரண்டையும் விசுவாசத்துக்காகக் கேட்டேன், அதிகம் திரும்பப் போவதில்லை. பிறகு 15 வருட இடைவெளி. 2024 ஜூலையில் 'காட்ஸ் நெட்வொர்க்: ரீபர்த்'. ஏழு பாட்டு, தலைப்புக்கு நடுவிலும் ஒரு 7 (ஆங்கிலத்தில் Reb7rth). இந்தத் தடவை பீட் முழுவதும் அவரே செய்தது. நிப்ஸி ஹஸல், டிஎம்எக்ஸ், பிராடிஜி என்று மறைந்தவர்களின் குரல்களை அழைத்து வந்து உட்கார வைத்திருக்கிறார். அவர் குரலைவிட விருந்தாளிகளின் குரல்தான் அதிகம். எனக்கு ஏமாற்றம்தான். 56 வயதில் அவர் என்ன சொல்வார் என்று கேட்கத்தான் காத்திருந்தேன், அவரோ பந்தி பரிமாறிக்கொண்டிருக்கிறார். பீட்டுகள் மட்டும் 97-ஐவிட உறுதி.

திருச்சி போய்ச் சேர்வதற்குள் மருமகனுக்கு ஒரு சோதனை வைத்தேன். முதலில் 1985-ல் வந்த பாட்டு ஒன்று, உடனே ரக்கிமின் 1986 சிங்கிளின் மறுபக்கமான 'மை மெலடி'. எந்த விளக்கமும் சொல்லவில்லை. பெரம்பலூர் தாண்டியதும் பாட்டைப் பின்னால் இழுத்து மறுபடி போட்டான். இன்னொரு தடவையும். "ஒரு வருஷம்தானா வித்தியாசம்?" என்றான்.

நேற்று அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். '18த் லெட்டர்' பாட்டுப் பட்டியலில் கடவுள் யார் என்று ஆராயும் அந்த நீளமான பாட்டைத் தாண்டிவிட்டு மற்றதைக் கேட்கிறானாம். பிரசங்கம் மாதிரி இருக்கிறதாம். திட்டலாம் என்று வாயெடுத்தேன். நானும் பல வருடம் அதைத் தாண்டித்தான் கேட்டேன் என்பது ஞாபகம் வந்து விட்டுவிட்டேன்.