ஒரு மாசத்துல 13.5 வராது மாப்ளே

அக்கா மகன் காவலர் தேர்வுக்குத் தயாராகிறான். உடற்திறன் தேர்வில் ஆண்கள் 100 மீட்டரை 15 செகண்டுக்குள் ஓடினால் ஒரு ஸ்டார், 13.5க்குள் ஓடினால் இரண்டு. ஸ்டார் கூடினால் மதிப்பெண்ணும் கூடும். "மாமா, இப்பவே 14.1 வருது. ஒரு மாசத்துல 13.5 வந்துடும்ல?" என்றான்.

டேப்பை எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்குப் போனேன். பசங்க 100 மீட்டர் என்று நட்டு வைத்திருந்த இரண்டு கற்களுக்கும் நடுவே 94 மீட்டர்தான் இருந்தது. டைம் பார்க்கும் நண்பனோ, இவன் கிளம்பியதைப் பார்த்த பிறகுதான் போனை அமுக்குகிறான். சரியாக அளந்து ஓடவிட்டால் 14.9. பையன் முகம் சுண்டிவிட்டது.

ஆறு வாரத்தில் அது 14.4 ஆனது. பெரிய வித்தை எதுவும் இல்லை. கிளம்பிய மூன்றாவது எட்டிலேயே உடம்பு நிமிர்ந்துவிடும், அதை மாற்றினோம். தினமும் பத்து ரவுண்டு ஓடுவதையும் நிறுத்தினேன். வேக ஓட்டத்துக்கு முழு வேகத்தில் நாலைந்து ஓட்டம், நடுவில் மூச்சு நன்றாக அடங்கும் வரை ஓய்வு, அவ்வளவுதான். ஓய்வெடுப்பதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கும் பசங்கதான் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

அப்புறம் 14.2 வந்தது. வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. இரண்டு மாதமாக அசையவில்லை.

இந்த இடத்தில்தான் 'முப்பதே நாளில் மின்னல் வேகம்' என்று வீடியோ போடுபவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. முதலில் குறைவது தப்பைத் திருத்தியதால் குறைவது. அதே கணக்கில் மாதாமாதம் குறையும் என்று நம்ப வைப்பது அநியாயம். ஆண்கள் 100 மீட்டர் இந்திய சாதனையையே பாருங்கள். 2016இல் அமியா மல்லிக் 10.26. 2023இல் மணிகண்டா ஹோப்ளிதார் 10.23. 2025 மார்ச்சில் குரிந்தர்வீர் சிங் 10.20, அதே வருஷம் ஜூலையில் அனிமேஷ் குஜூர் 10.18. நாட்டிலேயே வேகமான கால்கள், பயிற்சியாளர், நல்ல டிராக், ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூ எல்லாம் இருந்தும் ஒன்பது வருஷத்தில் குறைந்தது வெறும் 0.08 செகண்ட்தான். உசைன் போல்ட் 2009இல் பெர்லினில் 9.58 ஓடினார். அப்போது வயது 22, சில நாளில் 23. அதற்குப் பிறகு எட்டு வருஷம் ஓடியும் அவராலேயே அதைத் தொட முடியவில்லை. 2012 லண்டனில் 9.63தான்.

இதையெல்லாம் சொன்னால் பையன் சோர்ந்துவிடுவான் என்று அக்காவுக்கு என் மேல் வருத்தம். 13.5 அவனுக்கு வரவே வராது என்று நான் சொல்லவில்லை. இந்தத் தேர்வுக்குள் வராது என்கிறேன். ஒரு ஸ்டார் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதே தேர்வில் வரும் கயிறு ஏறுவதில் 5 மீட்டர் தொட்டுவிட்டான். 6 தொட்டால் அங்கே இரண்டு ஸ்டார். அதற்குக் கைப்பிடியும், கயிற்றைக் காலால் பூட்டும் முறையும் பழகினால் போதும்.

இன்று காலை கயிற்றில் ஏறினான். மேலே இன்னும் ஒரு சாண்தான் பாக்கி. இறங்கியதும் உள்ளங்கையைக்கூடப் பார்க்காமல் கேட்டான்: "மாமா, ஒரே ஒரு தடவை நூறு ஓடிப் பார்க்கட்டுமா?"

ஓடினான். 14.2.