ஃபைபர் வரட்டும், கூடவே இரண்டு வருட ஒப்பந்தம் எதற்கு?

பிரிட்டனில் வசிக்கும் நம்மவர் வீடுகளுக்கு இந்த இரண்டு மூன்று வருடங்களாக இணையச் சேவை நிறுவனங்களிடமிருந்து ஒரே சாயலில் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பழைய செம்புக் கம்பி இணைப்பின் காலம் முடியப் போகிறது, முழு ஃபைபருக்கு மாறிக்கொள்ளுங்கள், இப்போதே மாறினால் இந்தக் கட்டணம் உங்களுக்காகவே என்பதுதான் அவற்றின் சாரம். கடிதத்துக்குப் பதில் போகாவிட்டால் தொலைபேசியில் அழைக்கிறார்கள்; அதற்கும் மசியாதவர்கள் பில் பார்க்கத் தங்கள் கணக்கைத் திறக்கும்போதெல்லாம் அதே விளம்பரம் திரையை மறைத்துக்கொண்டு நிற்கிறது. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபைபருக்கு மாறுவதை நான் எதிர்க்கவில்லை. நிறுவனம் தன் தேவைக்காகச் செய்யும் ஒரு மாற்றத்தை நமக்குச் செய்யும் சலுகையாகக் காட்டி, அதன் முதுகில் ஒரு புதிய ஒப்பந்தத்தையும் ஏற்றி அனுப்புவதைத்தான் எதிர்க்கிறேன்.

தொழில்நுட்ப ரீதியாக ஃபைபர் மேலானது என்பதில் விவாதமே இல்லை. இன்னும் பல வீடுகளில் இருப்பது தெருமுனைப் பச்சைப் பெட்டிவரை ஃபைபர் எனும் கண்ணாடி இழையும், அங்கிருந்து வீட்டுக்குள் பழைய தொலைபேசிக் கம்பியுமாக வரும் இணைப்பு. அந்தக் கடைசித் துண்டு செம்புதான் எல்லாத் தொல்லைக்கும் காரணம். பெட்டிக்குப் பக்கத்திலேயே வீடு இருந்தால் பதிவிறக்கம் 80 மெகாபிட், பதிவேற்றம் 20 மெகாபிட் என்ற உச்சத்தை நெருங்கலாம். தூரம் கூடக்கூட வேகம் சரிந்துகொண்டே போகும். கம்பி இணைப்புகளில் மழைநீர் இறங்கினால் இரைச்சல் ஏறும், ரவுட்டர் விட்டுவிட்டுத் துண்டிக்கும், புகார் செய்து ஆள் வந்து பார்க்கும் நேரத்தில் வெயில் அடித்து எல்லாம் சரியாக இருக்கும். கண்ணாடி இழையில் போவது ஒளி என்பதால் அதற்கு அந்த ஈரமும் பொருட்டல்ல, பக்கத்து மின்சார இரைச்சலும் பொருட்டல்ல. ஹல் நகரத்தில் அங்குள்ள நிறுவனமே 2019-இல் தன் பகுதி முழுவதையும் ஃபைபருக்கு மாற்றி முடித்துவிட்டது.

ஆனால் நம் கைக்கு வரும் கடிதங்களில் இந்த நம்பகத்தன்மையைப் பற்றி ஒரு வரியும், வேகத்தைப் பற்றிப் பத்து வரியும் இருக்கின்றன. மிகத் துல்லியமான 4கே படம் பார்ப்பதற்கே ஏறத்தாழ 25 மெகாபிட் போதும். மாலையில் ஒரு தொடர், ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளுடன் வீடியோ அழைப்பு என்று வாழும் ஓய்வுபெற்ற தம்பதிக்கு 500 மெகாபிட்டுக்கும் 900 மெகாபிட்டுக்கும் என்ன வித்தியாசம் தெரியப் போகிறது? மழை பெய்தாலும் இணைப்பு அறுந்துபோகாது என்று சொல்லியிருந்தால் அவர்களே ஆர்வமாகக் கேட்டிருப்பார்கள். அதோடு, பச்சைப் பெட்டி இணைப்பையே பல வருடங்களாக ஃபைபர் என்று சொல்லி விற்றவர்களும் இதே நிறுவனங்கள்தாம். வீட்டு வாசல்வரை கண்ணாடி இழை வந்தால்தான் அந்தப் பெயரில் விற்கலாம் என்று ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காம் 2024 செப்டம்பரில்தான் வரையறை கொண்டுவந்தது. என்னிடம்தான் ஏற்கெனவே ஃபைபர் இருக்கிறதே என்று பெரியவர்கள் குழம்புவதில் வியப்பில்லை.

என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. இரண்டு தனித்தனி விஷயங்களை விற்பனைப் பேச்சு ஒன்றாகக் குழைத்துவிடுகிறது. முதலாவது, பழைய அனலாக் தொலைபேசிச் சேவையை மூடுவது. 1980-களில் நிறுவப்பட்ட இயந்திரங்களுக்கு உதிரிபாகம் கிடைப்பதே கடினமாகிவிட்ட நிலையில், பழைய தொலைபேசி வலையமைப்பை 2025 இறுதியில் நிறுத்துவதாக, அதை நடத்திவரும் பிடி (BT) நிறுவனம் முதலில் அறிவித்திருந்தது. பிறகு 2024 மே மாதத்தில் அந்தக் கெடுவை 2027 ஜனவரி 31-க்குத் தள்ளிவைத்தது. இதில் மாறுவது குரல் அழைப்பு போகும் வழி மட்டுமே. இனி அது இணையத்தின் வழியாகப் போகும். இரண்டாவது, செம்புக் கம்பியையே படிப்படியாகக் கைவிடுவது. இதற்கு நாடு முழுவதற்குமான ஒரே தேதி எதுவும் இல்லை. ஒரு தொலைபேசி நிலையத்தின் எல்லைக்குள் முக்கால்வாசி வீடுகளுக்கு ஃபைபர் எட்டிவிட்டால், கம்பிகளைப் பராமரிக்கும், பிடிக்குச் சொந்தமான ஓப்பன்ரீச் நிறுவனம் ஒரு வருட முன்னறிவிப்புக் கொடுத்து, அந்தப் பகுதியில் செம்பு இணைப்புகளைப் புதிதாக விற்பதை நிறுத்தலாம். ஏற்கெனவே வைத்திருப்பவர் அதனாலேயே துண்டிக்கப்படுவதில்லை. வேறு நிறுவனத்துக்கோ வேறு வேகத்துக்கோ மாற நினைக்கும்போதுதான் ஃபைபரைத் தவிர வேறு வழி இருக்காது.

ஆகவே 2027 ஜனவரிக்குப் பிறகும் பச்சைப் பெட்டி இணைப்பு பல இடங்களில் ஓடத்தான் போகிறது; அதன் மீதே இணையவழித் தொலைபேசியும் வேலை செய்யும். இதைத் தெரிந்துவைத்திருக்கும் விற்பனையாளர், 2027-இல் உங்கள் லைன் நின்றுவிடும் என்ற பாதி உண்மையை மட்டும் சொல்லிவிட்டு மௌனமாகிறார். மீதியை நம்முடைய பயம் நிரப்பிக்கொள்கிறது. லைன் நின்றுவிடும் என்று கேட்ட எழுபத்தைந்து வயதுக்காரர், அதுவும் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசும் ஒருவரிடம் கேட்டவர், சரி சரி என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுவார். 2024 செப்டம்பரில் வந்த நடைமுறைப்படி, வேறு நிறுவனத்துக்கு மாறுவதானால் மாற்றும் வேலை முழுவதையும் புதிய நிறுவனமே பார்த்துக்கொள்ளும். வாடிக்கையாளருக்கு வசதியான ஏற்பாடுதான். ஆனால் பாதி புரிந்து சொன்ன ஒரு சரி, பழைய நிறுவனத்திடம் ஒரு வார்த்தை பேசாமலேயே நம்மை அடுத்த இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடவும் அதே ஏற்பாடு இடம் கொடுக்கிறது.

நிறுவனங்களுக்கு ஏன் இந்த அவசரம் என்பதையும் பார்க்க வேண்டும். செம்பு, ஃபைபர் என்று இரண்டு வலையமைப்புகளைப் பக்கம் பக்கமாகப் பராமரிப்பது பெரும் செலவு. நாட்டில் சுமார் 5,600 தொலைபேசி நிலையங்கள் இருக்கின்றன. முழுவதும் ஃபைபர் ஆனபின் சுமார் 1,000 நிலையங்கள் போதும் என்பது ஓப்பன்ரீச்சின் கணக்கு. அந்தக் கட்டடங்களில் பெரும்பாலானவற்றை பிடி நிறுவனம் 2001-இலேயே விற்றுவிட்டு முப்பது ஆண்டுக் குத்தகையில் இருந்துவருகிறது. 2031-க்குள் எத்தனை கட்டடங்களைக் காலி செய்ய முடிகிறதோ அவ்வளவுக்கு வாடகை மிச்சம். கூடவே, ஓப்பன்ரீச்சுக்குப் போட்டியாகச் சிறிய ஃபைபர் நிறுவனங்கள் பலவும் தெருத்தெருவாகக் குழி தோண்டிக்கொண்டிருக்கின்றன. இன்று ஒரு வீட்டை 24 மாதங்களுக்குக் கட்டிப்போட்டால், அந்த 24 மாதங்களுக்கு அந்த வீட்டுக் கதவைப் போட்டியாளர் தட்டிப் பயனில்லை. வியாபாரம் என்று பார்த்தால் இவை எல்லாமே நியாயமான காரணங்கள்தாம். ஆனால் இவற்றில் ஒன்றையாவது வாடிக்கையாளருக்கு வரும் கடிதத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மின்சாரம் பற்றிய பகுதியில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். பழைய கம்பித் தொலைபேசிக்குத் தொலைபேசி நிலையத்திலிருந்தே ஏறத்தாழ 50 வோல்ட் மின்சாரம் வந்துகொண்டிருந்தது; அதனால் தெரு முழுவதும் இருட்டில் கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் ஒலி கேட்கும். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. சுவரில் மாட்டும் சிறிய வெள்ளைப் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் வீட்டு மின்சாரம் வேண்டும். அது போனால் தொலைபேசியும் போகும். தரைவழித் தொலைபேசியை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு, மின்தடையின்போது குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்புக்கு வழி இருக்க வேண்டும் என்று ஆஃப்காம் 2018-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2021 நவம்பரில் வீசிய ஆர்வென் புயலில் சில ஊர்கள் ஒரு வாரத்துக்கும் மேலாக மின்சாரமின்றிக் கிடந்ததை நினைத்துப் பார்த்தால் அந்த ஒரு மணி நேரம் எந்த மூலைக்கு? அந்தக் குளிர்காலப் புயல்களுக்குப் பிறகு, 2022 மார்ச்சில், தன் இணையவழித் தொலைபேசி மாற்றத்தை பிடி நிறுவனமே சிறிது காலம் நிறுத்திவைத்தது.

என் பெரியம்மா வீட்டில் ஃபைபர் போட வந்த நாளில் நான் அங்கே இருந்தேன். தனியாக வசிப்பவர், மாடிக் குடியிருப்பு. பின்சுவர் வழியாகத்தான் கம்பி ஏற முடியும் என்பதால், பின்னறை ஜன்னலோரத்தில் துளையிட்டு, வெள்ளைப் பெட்டியும் ரவுட்டரும் அங்கேயே வைக்கப்பட்டன. அவருடைய தொலைபேசியோ முன் நடைபாதையில், பிள்ளைகளின் எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிய சுவருக்குக் கீழே, பல வருடங்களாக ஒரே இடத்தில் இருப்பது. மாற்றத்துக்குப் பின் அந்தச் சுவர் சாக்கெட் செத்துவிடும், தொலைபேசியை ரவுட்டரின் பின்புறத்தில்தான் செருக வேண்டும் என்பது அன்றுதான் அவருக்குத் தெரியவந்தது. கழுத்தில் தொங்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் உதவி மையத்தை அழைக்கும் கருவியும் அதே சாக்கெட்டில்தான் மாட்டப்பட்டிருந்தது. அதைக் கவனித்தவர் வேலைக்கு வந்த பொறியாளர். கருவியைக் கொடுத்த அமைப்பை முதலில் அழைத்து, இணையவழியில் வேலை செய்யுமா என்று கேளுங்கள், அதுவரை பழைய இணைப்பில் கை வைக்க மாட்டேன் என்று அவர் உறுதியாகச் சொன்னார். பெரியம்மாவிடம் தொலைபேசியில் சம்மதம் வாங்கிய நிறுவனம் அவருடைய மின்னஞ்சலைக் கேட்டது, பிறந்த தேதியைக் கேட்டது, பணம் எடுக்கும் நாளைக் கேட்டது. அப்படியொரு கருவி வீட்டில் உண்டா என்று மட்டும் கேட்கவில்லை.

இது ஒரு வீட்டுச் சிக்கல் அல்ல. இந்நாட்டில் சுமார் 18 லட்சம் பேர் இத்தகைய கருவிகளை நம்பியிருக்கிறார்கள். மாற்றத்துக்குப் பின் கருவி வேலை செய்யாமல் போன கடுமையான சம்பவங்கள் தெரியவந்ததால்தான், 2023 டிசம்பரில் அரசு பெரிய நிறுவனங்களை அழைத்துப் பேசி, அவரவர் விருப்பம் இல்லாமல் யாரையும் இணையவழித் தொலைபேசிக்கு மாற்றும் வேலையை நிறுத்திவைக்கும் உறுதிமொழியில் கையெழுத்து வாங்கியது. கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்க வைப்பதற்கே அமைச்சர் அளவில் தலையீடு தேவைப்பட்டிருக்கிறது.

இனி ஒப்பந்தத்துக்கு வருகிறேன். ஒப்பந்தக் காலம் முடிந்து, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற நிலையில் இருக்கும் ஒருவர் ஃபைபருக்குச் சம்மதித்தால், பெரும்பாலும் அவர் கைக்கு வருவது இன்னொரு 24 மாதப் பிணைப்பு. இடையில் கட்டண உயர்வும் உண்டு. 2025 ஜனவரி 17 முதல் அதைப் பணவீக்கச் சதவீதத்தில் மறைத்து எழுதக் கூடாது, எத்தனை பவுண்டு எத்தனை பென்ஸ் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று ஆஃப்காம் விதித்திருக்கிறது என்பது ஓரளவு ஆறுதல். ஆனால் அடிப்படைக் கேள்வி அப்படியே நிற்கிறது. கம்பியை மாற்ற வேண்டும் என்பது நிறுவனத்தின் முடிவென்றால், வாடிக்கையாளர் ஏன் இரண்டு வருடத்துக்குப் புதிதாகக் கட்டுப்பட வேண்டும்? வீட்டுச் சுவரில் துளை போடச் செலவாகிறது, அதை மீட்க வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். அந்தச் செலவு செம்பைப் பராமரிக்காமல் விடுவதால் வரும் மிச்சத்திலிருந்து மீளட்டும் என்பதே என் பதில். தானாகக் கேட்டு அதிக வேகம் வாங்குபவரிடம் ஒப்பந்தம் போடுவது வேறு. நிறுவனம் கூப்பிட்டு நகரச் சொல்பவரிடம் போடுவது வேறு. இரண்டையும் ஒரே படிவத்தில் அடைப்பதைத் தடுக்கும் அதிகாரமும் பொறுப்பும் ஆஃப்காமுக்கு உண்டு. நிறுவனமே தொடங்கும் மாற்றமாக இருந்தால் அதே அளவு வேகம், அதே கட்டணம், மீதமிருக்கும் அதே காலம் என்று ஒரு விதி வந்தால், இந்த விற்பனை அழைப்புகளில் பாதி தேவையே இல்லாமல் போய்விடும்.

வாடகைக் குடியிருப்புகளில் இருப்போரின் நிலை வேறு. அங்கே கட்டட உரிமையாளர் அனுமதி தராமல் கம்பி உள்ளே நுழையாது. உரிமையாளர் பதில் சொல்லாத கட்டடங்களுக்காக 2021-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. ஃபைபர் வேண்டும் என்று கேட்பவர் அங்கே காத்திருக்க, வேண்டாம் என்பவரை இங்கே துரத்துகிறார்கள்.

பெற்றோருக்காகக் கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அழைப்பு வந்தால் தொலைபேசியிலேயே முடிவு சொல்ல வேண்டாம் என்று அம்மா அப்பாவிடம் சொல்லிவையுங்கள். நீங்கள் கட்டுப்படும் முன்னரே ஒப்பந்தச் சுருக்கத்தை எழுத்தில் தர வேண்டியது நிறுவனங்களின் கடமை. அதைக் கேட்டு வாங்கி, காலம், ஆண்டு உயர்வு, முடிந்தபின் கட்டணம் மூன்றையும் பாருங்கள். நிற்கப் போவது அனலாக் தொலைபேசியா, செம்பு இணைப்பா என்று நேரடியாகக் கேளுங்கள். உதவிக் கருவி, திருட்டு அலாரம் போன்றவை அந்த லைனில் இருந்தால் முதல் வாக்கியத்திலேயே சொல்லி, மின்தடைக்கு பேட்டரி இலவசமாகக் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். ஏற்கெனவே சரி என்று சொல்லிவிட்டிருந்தாலும், தொலைபேசியிலோ இணையத்திலோ செய்த ஒப்பந்தத்தை 14 நாட்களுக்குள் ரத்து செய்யச் சட்டம் இடம் தருகிறது. அதற்குள் இணைப்பு வந்து பயன்படுத்தத் தொடங்கியிருந்தால் அந்த நாட்களுக்கான கட்டணத்தை மட்டும் கேட்கக்கூடும்.