தரகரிடம் விலையைக் கேட்கும் முன் உறுதியைக் கேளுங்கள்

மட்டக்களப்பில் வீடு வளவு வாங்க நிற்கிறவர்களும் விற்க நிற்கிறவர்களும் தரகரைப் பற்றி விசாரிப்பது பெரும்பாலும் ஒரே மாதிரித்தான். ஆள் எப்படி, நல்லாப் பேசுவாரா, விலையைக் குறைச்சுத் தருவாரா. நான் வேறொன்றைப் பார்க்கச் சொல்வேன். காணியின் உரிமைப் பத்திரமான உறுதியைப் பற்றிக் கேட்டதும் அவர் என்ன செய்கிறார்? பையில் இருந்து போட்டோக் கொப்பியை எடுத்து நீட்டுகிறாரா, "அதெல்லாம் கிளியர் தம்பி, பயப்படாதீங்க" என்று பேச்சை மாற்றுகிறாரா? தரகரைத் தெரிவு செய்ய எனக்கு இது போதும். மற்றக் கேள்விகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

நில அளவையாளருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். உறுதி எழுதும் நொத்தாரிசுக்கும் வேண்டும். காணித் தரகராக வேலை செய்ய ஒரு பரீட்சையும் எழுதத் தேவையில்லை; ஒரு போனும் நாலு ஊரில் பழக்கமும் இருந்தால் சரி. அதனால் அவருடைய தகுதியை அளக்கிற வேலை நம் தலையில்தான் விழுகிறது.

எங்கள் பக்கத்தில் அது கொஞ்சம் சிக்கலான வேலை. இது மகளுக்கு வீட்டைக் கொடுத்துக் கட்டிவைக்கிற ஊர். தாயும் தகப்பனும் மகளின் பெயருக்கு நன்கொடை உறுதி எழுதும்போது, தாங்கள் இருக்கும் வரைக்கும் வீட்டை அனுபவிக்கும் உரிமையை, அதாவது சீவிய உரித்தை, தங்களுக்கே வைத்துக்கொள்வார்கள். உறுதியில் அது ஒரே ஒரு வசனம். மகள் விற்கலாம், ஆனால் தாய் கையெழுத்து வைக்காவிட்டால், அவ உயிரோடு இருக்கும் வரைக்கும் வாங்கினவர் வீட்டை அனுபவிக்க முடியாது. தொழில் தெரிந்த தரகர் அந்த வசனத்தை முதலில் தேடுவார். "அம்மா இருக்கிறாவா? சம்மதமா?" என்று விற்கிறவரின் வீட்டு விறாந்தையிலேயே கேட்டுவிடுவார்.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும், அம்பாறைப் பக்கத்துக் குடியேற்றங்களிலும் கதை வேறு. அங்கே ஏராளமான காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தோடு கொடுத்த பெர்மிட் காணிகள். அரச அனுமதி இல்லாமல் அவற்றைக் கைமாற்றினால் அது செல்லாது. பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போகாமல் ஒரு அடியும் வைக்கக் கூடாது. "கைமாத்து எழுதித் தாறம், எல்லாரும் இப்பிடித்தான் வாங்குறாங்க" என்று ஒரு தரகர் சொன்னால், அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள். எல்லாரும் வாங்கியிருக்கலாம். பிள்ளைகளுக்கு எழுதப் போகும்போதும் வங்கியில் கடன் கேட்கும்போதும்தான் கையில் இருப்பது வெறும் தாள் என்று தெரியவரும்.

இதற்கு மேல் யுத்தமும் 2004 சுனாமியும். கல்லடி, நாவலடி தொடங்கிக் கல்முனை, மருதமுனை வரைக்கும் எத்தனை வீட்டு அலுமாரிகள் உறுதிகளோடு சேர்ந்து போயின! மூல உறுதி இல்லை என்பதற்காக ஒரு காணியை ஒதுக்கிவிடத் தேவையில்லை. பதிவு செய்த உறுதியாக இருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். அங்கே 30 வருடத்துக்குப் பின்னோக்கித் தேடினால் யாரிடமிருந்து யாருக்கு வந்தது, ஈடு, அதாவது அடமானம், இருக்கிறதா, பங்காளிகள் இருக்கிறார்களா என்பதெல்லாம் பெரும்பாலும் வெளிச்சத்துக்கு வந்துவிடும். அந்தத் தேடுதலுக்குச் செலவாகும் காசை மிச்சம் பிடிக்கச் சொல்லும் தரகரை நான் நம்ப மாட்டேன்.

நல்ல தரகர்களையும் கண்டிருக்கிறேன். பெரியம்மாவின் மகளுக்கு வாவிக்கரைப் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போயிருந்தோம். புதிதாக வெள்ளையடித்த வீடு. கூட்டிப்போன ஐயா குசினிக்குப் பின்னால் இருந்த பழைய கிணற்றடிச் சுவருக்கு எங்களைக் கொண்டுபோனார். அங்கே வெள்ளையடிக்காமல் விட்டிருந்தார்கள். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே மண்ணிறத்தில் ஒரு கோடு. "2011 தை வெள்ளம் மகள். இதுவரைக்கும் நிண்டது. இதையும் பாத்துட்டு விலையப் பேசுங்க" என்றார். விற்கிறவரும் பக்கத்தில்தான் நின்றார். அந்த வியாபாரம் சரிவரவில்லை. வேறொரு வளவை அவர் மூலமாகவே வாங்கினோம். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யார் காணி பார்த்தாலும் அவருக்குத்தான் முதல் அழைப்பு.

இன்னொருவர் முதல் நாளே அட்வான்ஸ் கேட்டார். "கனடாக்காரர் ஒராள் நாளைக்கு வாறார், இப்ப ஒரு லட்சத்தக் குடுத்துப் பிடிச்சு வைங்க" என்று கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்து எழுதத் தொடங்கினார். 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கைச்சாத்திடாத காணி விற்பனை செல்லாது. விற்பதற்கான ஒப்பந்தமும் அப்படித்தான். கொப்பித் தாளை வைத்துக்கொண்டு "வளவை எழுதித் தா" என்று வழக்குப் பேச முடியாது. அட்வான்ஸ் கொடுப்பதென்றால் நொத்தாரிசிடம் ஒப்பந்தம் எழுதிக் கொடுங்கள். அந்த நொத்தாரிசும் தரகர் கூட்டிவந்தவராக இருக்கக் கூடாது. உங்கள் காசில் உறுதி எழுதுகிறவர் உங்களுக்காகத் தேடிப் பார்க்கிறவராக இருக்க வேண்டும்.

கமிஷனை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். நூற்றுக்கு 2, 3 என்று பேசுவார்கள். எத்தனை வீதம், யார் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்று எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் வாங்குவதென்றால் அதை இரண்டு பேருக்கும் சொல்லித்தான் வாங்க வேண்டும். எனக்குக் கோபம் வருவது விலைக்கு மேல் வைத்து விற்கிறவர்களில். விற்கிறவரிடம் 60 இலட்சம், வாங்குகிறவரிடம் 68 இலட்சம், நடுவில் உள்ளது தன் பையில். இப்படிச் செய்கிறவர் உறுதி எழுதும் நாள் வரைக்கும் இரண்டு பேரையும் சந்திக்க விட மாட்டார். ஆகவே சந்திக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் சாட்டிலேயே விஷயம் விளங்கிவிடும்.

விற்கிறவர்களுக்கும் ஒன்று. ஒரே வளவை ஐந்து தரகர்களிடம் கொடுத்துவிடுகிறோம். ஆளுக்கொரு விலை போட்டு முகநூலில் போடுகிறார்கள். பார்க்கிறவருக்கு "இந்தக் காணியில ஏதோ பிரச்சினை இருக்கு" என்றுதான் தோன்றும். ஒருவரிடம் கொடுத்து, மூன்று மாதம் தவணை சொல்லிப் பாருங்கள்.

வெளிநாட்டில் இருந்து வாங்க நினைக்கும் உறவுகள் கவனியுங்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் பெயருக்கு இங்கே வளவை விலைக்கு எழுத முடியாது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் பிரச்சினையில்லை. "மச்சானின் பெயரில் வாங்கிப் பிறகு மாற்றலாம்" என்று வழி சொல்லும் தரகருக்குத் தன் கமிஷன் மட்டுமே கண்ணில் படுகிறது. அதேபோல அற்றோர்னித் தத்துவத்தை, அதாவது உரிமையாளருக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்க அவர் எழுதிக் கொடுத்த அதிகாரத்தை, வைத்து விற்க வருகிறவரிடம், தத்துவம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேளுங்கள். வீடியோ அழைப்பில் அவரோடு பேசுங்கள். கொடுத்தவர் கண்ணை மூடினால் அந்தத் தத்துவமும் முடிந்துவிடும்.

நம் ஆட்களிடமும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தரகர் காட்டிய காணியை அவருக்குத் தெரியாமல் பின்பக்கத்தால் போய்ப் பேசி முடிப்பது. வெயிலில் கூட்டித் திரிந்து, பதிவகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் ஏறி இறங்கி, குறையையும் மறைக்காமல் சொன்ன மனிதரின் உழைப்பு அது. பேசிய காசை உறுதி எழுதிய அன்றைக்கே, குறைக்காமல் அவர் கையில் கொடுங்கள்.